ஐம்பதை ஒட்டிய தம்பதிக்குக் கோடைப் பயணம்: மே வேண்டாம், ஜூனில் கோத்தகிரி

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எனக்கு 53, மனைவிக்கு 49. திருச்சியில் இருக்கிறோம், இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், மகன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். கல்யாணமாகி 25 வருடம் முடிகிறது. மே மாதம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நான்கைந்து நாள் எங்காவது போய்வர ஆசை. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கோவா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மனைவிக்கு முட்டி வலி உண்டு. எங்கே போகலாம்?"

மே மாதம் எங்கேயும் போகாதீர்கள். ஜூன் இரண்டாம் வாரம் கழியட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிக் கோத்தகிரி போய் வியாழக்கிழமை திரும்பி வாருங்கள். என் பதில் அவ்வளவுதான். ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தேதியை விட்டுவிட்டால் இந்தப் பதிலால் பயனில்லை.

நீங்கள் ஏன் மே மாதம் என்று கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இருபது வருடமாகப் பள்ளிக்கூட லீவுக்கு ஏற்றபடி ஊருக்குப் போய்ப் பழகிவிட்டோம். முழுப் பரீட்சை முடிந்தால் கிளம்புவது, ஜூன் பிறந்தால் நோட்டுக்கு அட்டை போட வீடு திரும்புவது. மகள் வேலைக்குப் போய்விட்டாள், மகன் விடுதியில் இருக்கிறான், ஆனாலும் உங்கள் காலண்டர் இன்னும் பள்ளிக்கூடக் காலண்டராகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐம்பதை ஒட்டிய தம்பதிகளுக்கு உள்ள பெரிய வசதியே, எல்லோரும் போகும்போது போக வேண்டியதில்லை என்பதுதான். அதைப் பயன்படுத்தாமல் மே மாதக் கூட்டத்தில் போய்ச் சிக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மே மாதத்து மலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று எல்லாம் மே மாதத்தை ஒட்டித்தான் வரும். கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் அதே சமயத்தில்தான் மலர் விழா. கூட்டம் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு போட்டார்கள்: ஒரு நாளைக்கு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இவ்வளவு வண்டிகளை அனுமதிப்பதற்குப் பெயர் கட்டுப்பாடு என்றால், கட்டுப்பாடு இல்லாத நாட்களில் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் கோத்தகிரிக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. சீசன் நெரிசலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழிப் பாதையாக்கி விடுவது போலீசாரின் வழக்கம். அதாவது, ஊட்டியைப் பார்த்து முடித்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு கோத்தகிரியைத் தாண்டித்தான் வீடு போவார்கள். "கோத்தகிரி அமைதியான ஊர் என்றார்களே" என்று மே மாதம் போய்விட்டுக் குறைப்படுகிறவர்கள் பார்த்தது இதைத்தான். பள்ளிகள் திறந்த அடுத்த வாரம் அதே ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். அறை வாடகையும் இறங்கும். சீசனில் இரண்டு மடங்கு கேட்கும் இடங்கள்கூட ஜூன் நடுவில் பேரம் பேசத் தயாராக இருக்கும்.

சரி, ஜூன் என்றால் மழை வந்துவிடாதா? நியாயமான கேள்வி. பதில் மலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். அந்த மேகம் மேற்கிலிருந்து வந்து முட்டுவதால் கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கமெல்லாம் அடித்து ஊற்றும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குப் பக்கம். தொட்டபெட்டாவும் (2,637 மீட்டர்) அதை ஒட்டிய மேடும் சுவர் மாதிரி நடுவில் நிற்பதால் இந்தப் பக்கத்துக்கு வந்து சேருவது பெரும்பாலும் மூட்டமும் சாரலும் காற்றும்தான். இந்தப் பக்கத்துக்குப் பெருமழை என்பது வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் மண் சரிந்து உயிர்கள் போனது அந்த மழையில்தான். ஆகவே இந்த ஊருக்கு நவம்பரில் வர வேண்டாம், ஜூனில் வரலாம். கிளம்பும் முன் வானிலை எச்சரிக்கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வது எந்த மலைக்கும் பொது.

திருச்சிக்காரருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்துவிடும் என்று பஞ்சாங்கம் சொல்லும். திருச்சி வெயிலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஜூனிலும் அங்கே கொளுத்தத்தான் போகிறது. ஆக, வெயிலுக்குத் தப்பி ஓடும் சுகம் ஜூனிலும் உங்களுக்கு முழுசாகவே கிடைக்கும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அந்த மாதத்தில் பகலில் இருபது டிகிரியைச் சுற்றி இருக்கும், இரவில் கம்பளி தேவைப்படும். ஃபேன் இல்லாமல் தூங்கலாம்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுகிறேன். நாற்பத்தொன்பது வயது என்பது பல பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம். திடீரென்று உடம்பு அனலாகக் கொதிப்பது, நடு ராத்திரியில் வியர்த்து எழுவது, காரணமில்லாத எரிச்சல், அரைத் தூக்கம் இதெல்லாம் அதோடு வரும். உங்கள் மனைவிக்கு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இருந்தால், குளிர்ந்த அறையில் நாலு ராத்திரி நன்றாகத் தூங்குவதைவிடப் பெரிய பரிசு எந்த நகைக்கடையிலும் கிடையாது. கடற்கரை ஊர்களை நான் ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கோவாவும் வர்கலாவும் மே மாதத்தில் புழுக்கம். ஜூனில் மழையோடு கடல் கொந்தளித்துச் சிவப்புக் கொடி ஏறிவிடும், தண்ணீரில் கால் வைக்கவே விடமாட்டார்கள். பாண்டிச்சேரி, தரங்கம்பாடி எல்லாம் உங்களுக்குப் பக்கம்தான், ஆனால் அவற்றை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மலைகளை ஏன் தள்ளுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மூணாறும் வயநாடும் அழகுதான், ஆனால் பருவமழை முதலில் அடிப்பது அந்தப் பக்கம்தான். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியிலும், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டிலும் நடந்த மண்சரிவுகளை நாம் மறக்கவில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை அந்தச் சரிவுகளில் ரூம் போட நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏற்காடு உங்களுக்குக் கிட்ட, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும். ஆனால் 1,500 மீட்டர்தான். வெயில் காலத்தில் மத்தியானம் சுடும். கொல்லிமலை இன்னும் பக்கம். எழுபது வளைவு, மேலே போனால் பலாவும் மிளகும் அறப்பளீஸ்வரர் கோயிலும் உண்டு. அங்கே எல்லோரும் பார்ப்பது ஆகாய கங்கை அருவி. அதற்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். முட்டி வலிக்காரருக்கு அது தண்டனை.

குற்றாலம்? ஜூனில் சாரல் தொடங்கும், உண்மைதான். ஆனால் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் போய் ஆளுக்கொரு வரிசையில் ஈரத் துண்டோடு நின்றுவிட்டு வருவதா? நண்பர்களோடு போகும் ஊர் அது.

வால்பாறை எனக்கு மிகவும் பிடித்த இடம். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் ரோட்டோரத்திலேயே காணக் கிடைக்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கே? இருந்தாலும் ஆழியாறிலிருந்து நாற்பது வளைவு. ஜூனில் மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அதனால் வால்பாறையை மே மாதத்துக்கான மாற்றாக வைத்திருங்கள். எப்படிப் பார்த்தாலும் மே தவிர வேறு மாதம் லீவு கிடைக்காது என்றால், மாதத்தின் முதல் வாரத்தில், திங்கள் முதல் வியாழன் வரை, வால்பாறை. அங்கேயும் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

கொடைக்கானலைத் தள்ளுவதற்குத்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக நீலகிரியைவிட அது கிட்டத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் பாதை கிட்டத்தட்ட சமதளம். 1863இல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் கட்டிய ஏரி. முட்டி வலிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே நடக்க, தமிழ்நாட்டு மலைகளில் இதைவிட நல்ல பாதை நான் பார்த்ததில்லை. கோக்கர்ஸ் வாக் என்ற மலையோர நடைபாதையும் சிரமமில்லை. உங்கள் இருவருக்கும் நடப்பதுதான் சந்தோஷம் என்றால், ஜூன் நடுவில், வார நாட்களில், ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில் ரூம் எடுத்துக் கொடைக்கானலுக்கே போங்கள். நான் மறுக்க மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இறங்கிவிட வேண்டும். பள்ளி திறந்த பிறகும் வார இறுதியில் அந்த ஏரிக்கரையில் குதிரையும் சைக்கிளும் செல்ஃபி ஸ்டிக்கும் சேர்ந்து உங்களை ஓரத்துக்குத் தள்ளிவிடும். குறிஞ்சி பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், அது 2018இல் பூத்தது, அடுத்தது 2030.

இப்போது கோத்தகிரி. ஊட்டியை உருவாக்கியதாகச் சொல்லப்படும் ஜான் சல்லிவன், கோவை கலெக்டராக இருந்தபோது, ஊட்டிக்கு முன்னால் முதலில் வீடு கட்டியது கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில்தான். அந்தக் கட்டடம் இப்போது நினைவகமாக இருக்கிறது. மேலே இருந்த ஊட்டி ஆங்கிலேயருக்குப் பிடித்துப்போனதால் கோத்தகிரி தேயிலையோடும் படகர் கிராமங்களோடும் தன் போக்கில் இருந்துவிட்டது. அதனால் இங்கே "பாயிண்ட்" என்று பார்க்க அதிகம் இல்லை. உங்களை நான் அனுப்புவதே அதனால்தான். பார்க்க இருபது இடம் உள்ள ஊரில் இரண்டு பேரும் நாள் முழுக்கக் காரில் இருப்பீர்கள். டிரைவர் "சார், அடுத்து பைன் ஃபாரஸ்ட்" என்பார், நீங்கள் இறங்கி ஏறுவீர்கள். முட்டி வலிக்காரருக்குக் காரில் இறங்கி ஏறுவதே பாதி வலி.

போகும் வழி. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள். திருச்சியிலிருந்து கோவைக்கு ரயிலில் போய், அங்கிருந்து டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், குன்னூர் பாதையைவிட வளைவுகள் இதமானவை. மலைப்பாதையில் வாந்தி வரும் என்றால் மாத்திரையைக் கோவையிலேயே போட்டுவிட வேண்டும், மேட்டுப்பாளையம் தாண்டி வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. டாக்ஸிக்கு இ-பாஸ் யார் எடுப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலையே இல்லை. இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடுங்கள். குஞ்சப்பனை பக்கத்தில் அந்தச் சமயம் பலாப்பழம் பழுத்திருக்கும், அதைத் தேடி யானைகள் ரோட்டுக்கு வரும். தண்ணீர் பாட்டில் வாங்கி அடுக்காதீர்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள். வீட்டிலிருந்து இரண்டு எவர்சில்வர் பாட்டில் போதும்.

தங்கும் இடத்தில்தான் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும். இதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள்.

முதலில் படி. மலையில் நல்ல காட்சி தெரியும் வீடுகள் பெரும்பாலும் ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கும். இணையத்துப் படத்தில் பால்கனியும் பள்ளத்தாக்கும் தெரியும், அறுபது படி தெரியாது. முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகச் சுமை. போன் போட்டு, "கார் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் ரூம் கட்டில் வரைக்கும் எத்தனை படி? கைப்பிடி இருக்கிறதா? சாப்பாட்டு அறைக்குத் தனிப் படியா?" என்று இந்த வரிசையிலேயே கேளுங்கள். "கொஞ்சம்தான் சார்" என்றால் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணிச் சொல்ல மறுக்கிற இடத்தை விட்டுவிடலாம். வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, பாத்ரூம் தரை வழுக்குமா, வெந்நீர் எந்நேரமும் வருமா அல்லது காலை எட்டு மணியோடு நின்றுவிடுமா என்பதையும் அதே போனில் முடித்துவிடுங்கள். ஜூன் காற்றில் மின்சாரம் போய் வரும். ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ கீசரையும் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

அடுத்தது, பலரும் வசதி என்று நினைத்து ஏமாறுவது: சமையலறை வைத்த காட்டேஜ். தயவுசெய்து வேண்டாம். கேஸ் அடுப்பும் நாலு பாத்திரமும் கண்ணில் பட்டால் உங்கள் மனைவி, "வெளியே எதுக்கு, ஒரு ரசம் வெச்சுடறேன்" என்பார். நீங்களும் "உன் ரசம் மாதிரி வருமா" என்பீர்கள். முடிந்தது, திருச்சி வீட்டை 1,800 மீட்டர் உயரத்துக்கு மாற்றியாயிற்று. மூன்று வேளையும் சமைத்துப் போடும் வீட்டு விடுதி, அதாவது ஹோம்ஸ்டே, கோத்தகிரியில் கிடைக்கிறது. அப்படி ஒன்றைப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர் என்று உணவில் கட்டுப்பாடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சிறிய இடங்களில் கேட்டுச் செய்துகொடுப்பார்கள். பெரிய ரிசார்ட்டைவிட ஐந்தாறு அறை உள்ள இடம் உங்களுக்குப் பொருந்தும். பெரிய இடத்தில் எந்த ஆபீஸ் கும்பல் எப்போது வந்து கேம்ப்ஃபயரும் டிஜேயும் போடும் என்று சொல்ல முடியாது. முன்பதிவின்போதே "அந்தத் தேதியில் குழு யாராவது வருகிறார்களா?" என்று கேட்பதில் தப்பில்லை.

குறட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் ஹாலில் போய்ப் படுக்கிற வசதி அங்கே இருக்காது. உங்களில் யாருக்குக் குறட்டை என்று நான் கேட்கவில்லை; ஆனால் இரண்டு தனிப் போர்வை கேளுங்கள், பக்கத்தில் உட்காரும் இடம் தனியாக உள்ள அறை கிடைத்தால் அதை எடுங்கள். குளிர் ஊரில் ஒரே போர்வைக்குள் ராத்திரி முழுக்க இழுபறி நடத்துவது சினிமாவில் மட்டும்தான் காதல்.

நான்கு நாளை எப்படிச் செலவழிப்பது? திங்கட்கிழமையை வெறுமனே விட்டுவிடுங்கள். எட்டரை மணிக்கு எழுந்திருங்கள். வருக்கியும் டீயும் வாங்கிக்கொண்டு வராந்தாவில் உட்காருங்கள். மிருதுவான பிஸ்கட்டை எதிர்பார்க்காதீர்கள். வருக்கி டீயில் முக்கித் தின்பதற்கென்றே மொறுமொறுப்பாகச் சுடுவது, 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் கொஞ்ச தூரம் நடக்கலாம், ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். கோத்தகிரியில் காட்டு மாடும் கரடியும் தெருவுக்கே வரும். இது பயமுறுத்தச் சொல்வதில்லை, உள்ளூர்க்காரர்களே இருட்டில் தனியாக நடப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மலை ரயில். எல்லோரும் மேட்டுப்பாளையத்திலிருந்து முழுத் தூரமும் போக ஆசைப்படுவார்கள். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 46 கிலோமீட்டர், 16 குகை, 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பல் சக்கரம் பிடித்து நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுவது உண்மையிலேயே பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் காலை ஏழரை மணிக்கு முன்பே புறப்படும் அந்த வண்டிக்கு முந்தின இரவே மேட்டுப்பாளையம் போய்விட வேண்டும். அப்புறம் சுமார் ஐந்து மணி நேரம் நெருக்கமான இருக்கையில் முட்டியை மடக்கி உட்கார வேண்டும். டிக்கெட்டும் லேசில் கிடைக்காது. உங்களுக்குக் குன்னூரிலிருந்து ஊட்டி வரை போதும். அங்கே இழுப்பது டீசல் இன்ஜின்தான், வருத்தப்பட வேண்டாம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், கேத்திப் பள்ளத்தாக்கு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் முட்டியும் புகார் சொல்லாது. டாக்ஸியை ஊட்டி ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிடுங்கள். ஊட்டியில் சாப்பிட்டுவிட்டு, 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் கீழ்ப் புல்வெளியில் சற்று உட்கார்ந்துவிட்டுக் கோத்தகிரி ரோட்டில் திரும்பிவிடுங்கள். போட் ஹவுஸ் பக்கம் போக வேண்டாம். அங்கே பார்க்கிங் தேடுவதற்குள் வந்த சந்தோஷம் போய்விடும்.

புதன்கிழமை காலை, மூட்டம் கலைந்திருந்தால் கொடநாடு காட்சிமுனை. கீழே மாயாறு பள்ளத்தாக்கும் தூரத்தில் பவானிசாகர் தண்ணீரும் தெரியும். மூட்டம் இருந்தால் போய்ப் பயனில்லை, வெள்ளைத் திரையைத்தான் பார்க்க வேண்டும். விடுதிக்காரரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். லாங்வுட் சோலை ஊரை ஒட்டியே இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த சோலைக்காடு. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு வாசல் பக்கத்தில் கொஞ்ச தூரம் நடந்தாலே அந்தக் குளிர்ச்சியும் குருவிச் சத்தமும் கிடைத்துவிடும். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், உப்பு கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் தூங்குங்கள்.

இதெல்லாம் ஏற்பாடு. இதற்கு முன்னால் வீட்டில் நடக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் எல்லாம் புக் செய்து அசத்த வேண்டும் என்று நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். லீவு கேட்பது, வீட்டைப் பூட்டுவது, பால்காரருக்குச் சொல்வது, மாத்திரை எடுத்து வைப்பது என்று அவர் தலையில் ஒரு பட்டியலே ஓடும். கடைசி நேரத்தில் சொன்னால் சந்தோஷத்தைவிடப் பதற்றம்தான் வரும். "எங்கே போகலாம்?" என்று கேட்டால் "உங்க இஷ்டம்" என்பார், அதை நம்பி நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். "இந்த நாலு நாளில் நீ எதைச் செய்யவே கூடாது என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அதிகாலையில் எழுந்திருக்கக் கூடாது, யாருக்கும் பதில் சொல்லக் கூடாது, இட்லி மாவு பற்றி யோசிக்கக் கூடாது என்று வரும் பதில்களிலிருந்து உங்கள் திட்டம் தானாக வந்துவிடும். அவர் கொடைக்கானல்தான் வேண்டும் என்றால், நான் மேலே எழுதியதை எல்லாம் அவரிடம் வாசித்துக் காட்டி வாதம் செய்யாமல் கொடைக்கானலுக்கே போங்கள்.

இன்னொரு ஆபத்து, பயணம் பெருப்பது. "அவ்வளவு தூரம் போறோம், வழியில பழனி முருகனைப் பார்த்துடலாம்" என்று தொடங்கும். "கோயமுத்தூர்ல சித்தி வீடு இருக்கே, தலையைக் காட்டாம வந்தா நல்லாருக்குமா" என்று வளரும். கடைசியில் "அம்மாவும் பாவம், எங்கேயும் போறதில்லை" என்று முடியும். ஒவ்வொன்றும் நியாயம்தான், அதனால்தான் மறுக்கக் கஷ்டம். பழனிக்கு வேறொரு வாரம் போகலாம். அம்மாவைத் தீபாவளிக்கு முன் ராமேஸ்வரம் கூட்டிப் போகிறேன் என்று இப்போதே தேதி சொல்லிவிடுங்கள், அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள். சித்திக்குத் திரும்பி வந்த பிறகு போன் செய்தால் போதும். "இந்த வயசுல என்ன ரெண்டு பேரா தனியா" என்று யாராவது சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். பிள்ளைகளிடம் இரவு ஒரு முறை மட்டும் பேசுவதாகச் சொல்லிவையுங்கள், அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

திரும்பும் நாளை வியாழன் என்று சொன்னதற்குக் காரணம், வெள்ளிக்கிழமையும் சேர்த்து லீவு போட வேண்டும் என்பதுதான். ஞாயிறு ராத்திரி வீடு வந்து திங்கள் காலை ஆபீஸ் ஓடினால், துணி துவைப்பதும் வீடு கூட்டுவதும் அவர் தலையில்தான் விழும். வியாழன் இறங்கும்போது கோத்தகிரி வழியை விட்டுக் குன்னூர் வழியாக வந்தால் பர்லியாரில் பழக்கடைகள் உண்டு. ஜூன் பிந்திப் போனால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்திருக்கும், முந்திப் போனால் ப்ளம்ஸ் கிடைக்கும். விலை பேசி வாங்குங்கள், முதலில் சொல்லும் விலை கோவைக் காருக்கானது. கோவையில் மாலை ரயிலுக்கு டிக்கெட் இப்போதே எடுத்துவிடுங்கள். ரூம்கூட ஜூனில் நினைத்தபோது கிடைக்கும், அந்த ரயிலில் உட்கார நல்ல இருக்கை கிடைக்காது.